காலியாக விட்ட பதினேழாவது வரி

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

உன் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தம்பி எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று அரசுப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என் மகள், அதாவது உன் மருமகள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன் ஊர்க் கல்லூரி, தங்குவது அத்தை வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை அடித்துவிட்டுத் தெருமுனைக் கல்லூரியைப் போடச் சொல்லலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை என் விரலில் இருந்த பெயிண்டைப் பார்த்துவிட்டார். "போர்டு எழுதறவர்தானே? நல்ல நேரத்துல வந்தீங்க!" யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று போர்டு எழுதி, வெள்ளிக்கிழமை கேட்டில் மாட்ட வேண்டுமாம். சரி, எழுதுகிற கை நம் கைதானே, மகள் வரியை மட்டும் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தப்பு. பெற்றோர் கூட்டம் முதுகில் ஏறிவிட்டது. டீக்கடைக்காரர், "எம் பையன் பேரு மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு?" என்கிறார். தையல்காரம்மா, "எம் பொண்ணு 'யோசிக்கிறேன்'னு எழுதியிருக்கா, நீங்க நர்ஸிங்னு போடுங்கண்ணே, போர்டுல பார்த்தா ஒத்துக்குவா" என்கிறாள். போட்டேன். பெண் வந்து அழுதாள். அழித்தேன். அம்மா வந்து அழுதாள். மறுபடி போட்டேன். நாலாவது தடவை பொறுக்காமல், "புள்ளை இஷ்டத்துக்கு விடுங்கம்மா!" என்று கத்திவிட்டுத் திரும்பினால், பின்னால் உன் மருமகள் நிற்கிறாள். சிரித்தாள். "என் வரி எங்கேப்பா?" என்றாள். "காயட்டும்" என்றேன். எழுதாத வரி எப்படிக் காயும்? அவளுடைய பதினேழாவது வரியைக் காலியாக விட்டு, பிரஷையும் பெயிண்டையும் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, பயம் அவளுக்காக இல்லை. அவள் அம்மா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாயிற்று. அவள் இல்லாத வீட்டில் எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. அதனால் நீ உடனே, "வீட்டில் இடமில்லை, உன் மாமா குறட்டை விடுவார்" என்று அவளுக்கு நாலு வரி எழுதிப் போடு.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தம்பி

பின்குறிப்பு: தபால் போடப் போகும் வழியில் பார்த்தேன், போர்டை முன்கூட்டியே மாட்டிவிட்டார்கள். பதினேழாவது வரியை அவளே எழுதியிருக்கிறாள். என் பிரஷ், என் பெயிண்ட், உன் ஊர்க் கல்லூரி. எழுத்தெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஊரே பார்க்கிற என் போர்டில் இப்படியா? வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி ஏறி, அழித்துவிட்டு நானே எழுதினேன். அதே கல்லூரிதான், கொஞ்சம் பெரிய எழுத்தில். டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தாயிற்று. மேலே கேட்டதை மறந்துவிடு. அவளுக்குத் தரப்போகும் அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் எழுது, பெயிண்டோடு நானே வருகிறேன். ஓர் அறைக்கு எதற்கு ஒரு மாதம் என்று அத்தான் கேட்டால், சுவர் காய நாளாகும் என்று சொல்.