ஒரு பக்கப் பொட்டு வைத்த அம்பு

எனக்குத் தெரியாத விஷயத்தில்தான் எனக்குத் தன்னம்பிக்கை அதிகம். நிறையப் பேர் அப்படித்தான். நான் ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஆயுளில் வில்லைத் தொட்டதில்லை. மான் கறி என்ன, முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. ஆனாலும் எழுபதுகளின் நடுவில், மான் வேட்டை அம்பைப் பற்றி மாண்ட்ரியலில் என்னைவிட விவரமாகப் பேசியவன் கிடையாது.

அப்போது மாண்ட்ரியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் எனக்குத் தற்காலிக வேலை. ஆறு மாதம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று எழுத வேண்டியவர் ஜெரார், எங்கள் பிரிவுத் தலைவர். என் மனைவி வசந்தா ஏழு மாதக் கர்ப்பிணி. ஜெரார் தும்மினால் எனக்கு ஜுரம் வரும்.

அவருக்கு ஒரே பைத்தியம், இலையுதிர் காலத்தில் வில்லோடு காட்டுக்குப் போவது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வருத்தமாகச் சொன்னார்: போன வருஷம் அம்பு மானின் விலாவில் பட்டும் ஆழமாக இறங்கவில்லை. காயத்தோடு ஓடிய மான் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. "அது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

சும்மா இருந்திருக்கலாம். தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு வாயைத் திறந்தேன்.

"நாலு பிளேடு ப்ராட்ஹெட்தானே போட்டீங்க?" (அம்பு நுனியில் மாட்டும் பிளேடு முனைக்கு அந்தப் பெயர் என்பதே எனக்கு ஐந்து நிமிடம் முன்புதான் தெரியும்.) "பிளேடு கூடினா உராய்வு கூடும், உள்ளே இறங்காது. ரெண்டு போதும், சவரக்கத்தி மாதிரி கூர் இருக்கணும். முக்கியமா ரெண்டு பக்கமும் ஒரே எடை. அது முன்னாடி வச்ச சிறகு மாதிரி. ஒரு பக்கம் குன்றிமணி எடை கூடினாலும் அம்பு திரும்பிடும்."

மறுநாளே ஜெரார் இரண்டு பிளேடு முனை மாட்டிய ஆறு அம்புகளை என் மேஜையில் வைத்தார். "தீட்டிக் கொண்டு வா, இஞ்சினியர். ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை என் வீட்டுல பார்த்துடுவோம். திங்கட்கிழமை உன் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி உன் கணக்கு சரியான்னு தெரியட்டும்."

எங்கள் கோட்-டெ-நெய்ஜ் அபார்ட்மெண்டில் இரண்டு வாரம் சாணைக்கல்லோடு குடும்பம் நடத்தினேன். கூர் பார்க்க, பிளேடால் முன்கை முடியை மழிக்க வேண்டும். இடது கை வழவழவென்று ஆனதும் வலது கைக்கு மாறினேன்.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. நான் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல், இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின் வரிசையில் அம்புகளையும் வைத்தேன்.

"மானைக் கொல்ற சாமானுக்குப் பூஜையா?" என்றாள் வசந்தா.

"அது அம்பு இல்லடி, என் வேலை."

ஒவ்வொரு முனைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

மறுநாள் அம்புகளை அவளுடைய பழைய புடவையில் சுற்றி மெட்ரோ ஏறினேன். (என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.) ஜெரார் பொட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஆசீர்வாதம் என்றேன். மரியாதையாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வில்லை வளைத்தார்.

எதிரே வைக்கோல் கட்டு. அம்பு பாதி தூரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் இடது பக்கம் திரும்பி, வேலியோரம் சாய்த்து வைத்திருந்த ஜெராரின் புதுப் படகுக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது.

ஜெரார் படகைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். "இருபது வருஷமா விடறேன். கை போயிடுச்சு. இந்த வருஷம் காட்டுக்குப் போகலை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜையில் எந்தச் சாமானுக்கும் பொட்டு நம்மைப் பார்க்கிற பக்கம் மட்டும்தான். வசந்தா தாராள மனசுக்காரி; சந்தனத்தை அப்பியிருந்தாள். அது காய்ந்து கட்டியாகி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. குன்றிமணி எடை என்று பிரசங்கம் செய்த மேதாவியின் கண்ணில் அது படவில்லை!

காற்று என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோட்டக் குழாயில் மீதி அம்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுத்த அம்பு கட்டின் நட்ட நடுவில் இறகு வரை இறங்கியது.

ஜெரார் புல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கூர் பிரமாதம், இஞ்சினியர். சந்தேகம்னா படகைக் கேளு."

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். காட்டுக்கும் போனார். பத்து நாள் மரத்தடியில் காத்திருந்தும் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. அதை நான் வீட்டில் வந்து ஆச்சரியமாகச் சொன்னபோது வசந்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வேண்டுதல் வச்சேன், ரெண்டும் பலிச்சாச்சு," என்றாள். "ஒண்ணு உங்க வேலைக்கு, இன்னொண்ணு மானுக்கு."

வயிற்றிலிருந்த மகள் வளர்ந்து, இப்போது ஒவ்வொரு பூஜைக்கும் தன் கார் சாவியைக் கொண்டுவந்து வைக்கிறாள். "அம்மா, ரெண்டு பக்கமும் பொட்டு வச்சியா?" என்று கேட்காமல் போவதில்லை.

வசந்தா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "அது நான் யாருக்காக வேண்டிக்கறேங்கறதைப் பொறுத்தது."