கேட்காமலே மாத்திரை சொல்லும் நல்லகாமன்

வைத்தியர்களில் ஒரு வகை உண்டு. படிக்காதவர், பீஸ் வாங்காதவர், நீங்கள் கேட்காமலே மருந்து சொல்பவர். உங்கள் கையில் நாய்ச் சங்கிலி மட்டும் இருந்துவிட்டால் தொலைந்தீர்கள்.

கோரிப்பாளையம் நல்லகாமன் இந்த இனத்தில் முதல் தரம். எந்த நாயைப் பார்த்தாலும், "எலும்பும் தோலுமா இருக்கே அண்ணே, கால்சியம் குடுக்குறீகளா?" என்றுதான் ஆரம்பிப்பார். தன் நாய் ராக்கிக்கோ காலையில் கால்சியம், மத்தியானம் வைட்டமின் சி, சோற்றில் தினமும் பசலைக்கீரை, அதற்கு மேல் யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய சத்துமாவு. மனைவி கனகலட்சுமி வாயே திறப்பதில்லை. திறந்தால் தனக்கும் ஏதாவது எழுதிவிடுவாரோ என்ற பயம்.

ஒரு நாள் காலை ராக்கி கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கியது. வந்தது இரண்டே சொட்டு, அதுவும் ரத்தம். நல்லகாமன் என்ன செய்தார்? மனிதர்களுக்குச் சொல்கிற வாழைத்தண்டுச் சாற்றைப் பிழிந்து அதன் வாயில் ஊற்றினார்! மதியம் நாய் வயிறு வீங்கி முனகியதும் கனகலட்சுமி சத்தம் போட்டார்: "ஒங்க வைத்தியம் போதும், ஆட்டோவக் கூப்புடுங்க!"

மூத்திரப்பை நிறையக் கல். ஒன்று வழியையே அடைத்திருந்தது. ஆபரேஷன் முடிகிறவரை நல்லகாமன் வெளியே உட்கார்ந்து, "நானே கெடுத்துப்புட்டேனே" என்று தேம்பினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ராக்கி பிழைத்தது. கல்லைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்த டாக்டர் ராஜஸ்ரீ சொன்னார்: "இது கால்சியம் ஆக்சலேட் கல்லு. மாத்திரை, கீரை எல்லாத்தையும் நிறுத்துங்க, சாப்பாட்டுல தண்ணி சேத்துக் குடுங்க. ஆனா இது ராக்கிக்கு மட்டுந்தான். வேற கல்லுன்னா வேற சாப்பாடு. தெரியாம யாருக்கும் சொல்லிடாதீங்க."

நல்லகாமன் தலையை ஆட்டினார். மனதார ஆட்டினார். இரண்டு வாரம் கழித்து வாக்கிங்கில் பக்கத்துத் தெரு சிவபாண்டி தன் நாயோடு எதிரே வந்தார்.

"மாப்ள, அதுக்குக் குடுக்குற மாத்திரைய எல்லாம் இன்னைக்கே நிறுத்து!"

"அண்ணே, அது வலிப்புக்கு டாக்டர் குடுத்தது."

"அதத்தான்டா மொதல்ல நிறுத்தணும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பாதி படிக்கும்போதே, நாய் வளர்க்கிற மைத்துனருக்கு 'கீரை போடாதே' என்று போனில் தட்டிவிட்டீர்களே, அவர் நாய்க்குக் கல் இருக்கிறதா என்றாவது கேட்டீர்களா?