பதினோரு முறை முகாமிட்டவர்

கூடாரம் மூன்றாவது முறையாக விழுந்தபோது உள்ளே மாமனார் இருந்தார்.

"மாப்பிள்ளை, இது இப்படித்தான் இருக்குமா?" என்று துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இதோ மாமா, ஒரு நிமிஷம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தேன்" என்றார் நூலகர்.

காற்றே இல்லை. இருபுறமும் வானத்தை மறைக்கும் பாறைச்சுவர்கள், நடுவில் பனி உருகி ஓடிவரும் ஆறு, கரையில் நூலகர், அவர் மனைவி, மாமனார். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, செல்போனில் ஒரு கோடு கூடக் கிடையாது. இறக்கிவிட்டுப் போன ஜீப் மறுநாள் மாலைதான் வரும்.

எல்லாம் வாயால் வந்த வினை. கல்யாணப் பேச்சின்போது, "பொழுதுபோக்கு என்ன?" என்று மாமனார் கேட்க, "மலையில முகாம் போடுறது. பதினோரு தடவை போயிருக்கேன்" என்று நூலகர் அளந்துவிட்டார். உண்மையில் அவர் படித்திருந்தது முகாம் பற்றிய பதினோரு புத்தகங்கள். நாற்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார் அதை மறக்கவே இல்லை. "ஒரு தடவை மாப்பிள்ளையோட போகணும்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றுவிட்டார்.

கூடாரத்து முளைகள் கல் தரையில் இறங்கவில்லை. நூலகர் சுற்றிப் பார்த்தார். இருப்பதிலேயே கனமானது சாப்பாட்டு மூட்டை. கயிற்றை இழுத்து அதில் கட்டினார். கூடாரம் நின்றது. மனைவி கைதட்டினாள். அந்தப் பெருமை மூன்று மணி நேரம் நீடித்தது.

வெயில் ஏறி மேலே பனி உருகினால் ஆறு பெருகும் என்பது ஏழாவது புத்தகத்தில் இருந்தது. தண்ணீர் மூட்டையைத் தொட்ட பிறகுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. மூட்டை மிதந்து கிளம்பியது. கூடாரமும் அதன் பின்னாலேயே கிளம்பியது.

"ஏங்க, பிடிங்க!"

பிடித்தார். இழுத்தார். இரண்டும் சேர்ந்து அவரை இழுத்தன. கூடாரமாவது மிஞ்சட்டும் என்று கயிற்றை அறுத்தார். மிஞ்சியது. ரொட்டி, முட்டை, தீப்பெட்டி எல்லாம் வளைவு திரும்பி மறைந்தன.

"மீன் இருக்கே!" என்று மனைவியின் ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்தார். வீசுவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோனபோது, பாறையில் காய்ந்துகொண்டிருந்த மாமனாரின் ஒரே கம்பளிச் சட்டை அதில் மாட்டியது. வீசினார். சட்டையும் போய்ச் சேர்ந்தது.

மனைவியின் கைப்பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் மட்டும் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. எனக்குப் பசியே இல்ல" என்றார் மாமனார். "வண்டி ஓட்டின காலத்துலயே பட்டினி பழகின உடம்பு இது."

"அப்பா, ஒண்ணாவது எடுத்துக்கோங்கப்பா."

"வேண்டாம்மா. கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்."

கைத்தடியோடு பாறைக்கு அப்பால் போனவர், ஒரு மணி நேரம் கழித்து முகம் மலரத் திரும்பினார். ஒரு குறை சொல்லவில்லை. நூலகருக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். வயதான மனிதரைப் பட்டினி போட்டு, இருந்த ஒரே கம்பளிச் சட்டையையும் ஆற்றில் விட்டாயிற்று.

மறுநாள் காலையிலும் அதே பதில், அதே நடை. மத்தியானம் கடைசி இரண்டு பிஸ்கட்டை மனைவி நீட்ட, மாமனார் அதைத் தொடாமல் கைத்தடியை எடுத்தார். நூலகர் மனம் உடைந்தார்.

"மாமா, உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"நடந்துட்டு வந்து கேட்டுக்கறேனே மாப்பிள்ளை."

"இல்ல மாமா, இப்பவே சொல்லிடறேன். நான் ஒரு தடவை கூட முகாம் போட்டதில்ல. அந்தப் பதினோரு தடவையும் பொய். எல்லாம் புத்தகத்துல படிச்சதுதான்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நூலகர் தலை நிமிரவில்லை. காது மடல் வரை சூடேறியது.

மாமனார் மெல்லத் தொண்டையைச் செருமினார். "நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சேன் மாப்பிள்ளை. ஒரு பொய் சொன்னதில்ல. குடும்பம்னா எதையும் மறைக்கக் கூடாது. இருக்கறதைப் பகிர்ந்துக்கணும்."

"மன்னிச்சிடுங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்ட நூலகருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமனார் பெருந்தன்மையாக அவர் தோளைத் தட்டினார்.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து, காக்கி உடுப்பில் ஒரு வனக்காவலர் அம்மாள் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"என்ன ஐயா, இன்னும் காணோமேன்னு தேடிட்டு வந்தேன், எங்க காவல் சாவடியில உங்களுக்குப் போட்ட சாப்பாடு ஆறுது; மகளும் மாப்பிள்ளையும் இன்னைக்கும் விரதம்தானா?"