சன்னாசியின் ஹேண்ட்பிரேக்

பினாங்குப் பாலம் திறந்த நாளிலிருந்து அதன்மேல் போய் வந்தவர்களில் பஸ் அண்ணனைப் போல ஒரு டிவி ரசிகர் இருந்ததில்லை. பாலத்துக்கு அடியில் போன மீன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்கு லைசென்சில் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பஸ் அண்ணன். சுங்கை பினாங் அடுக்குமாடி வாசலில் விடியும் முன்பே எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டி, ஜுருவில் இருந்த பிளாஸ்டிக் தொழிற்சாலை வாசலில் கொட்டுவது அவர் வேலை. சாயங்காலம் அதே சரக்கைத் திரும்ப அள்ளி வர வேண்டும். நான் அங்கே ஸ்டோரில் கிளார்க். அண்ணன் ஆள் நல்ல உருண்டை. வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு வாரப் பத்திரிகை கூட நுழையாது. ஆனால் தலையில் மட்டும் அந்த வயதுக்கு நியாயமே இல்லாத அளவுக்கு அலையலையாக முடி. அந்த முடியும் இந்தக் கதையில் பாடுபட்டது, பிறகு சொல்கிறேன்.

அவர் பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. படியில் கால் வைத்ததுமே "பார்த்தியா?" என்பார். நேற்றைய எபிசோடைப் பார்த்தவர்களுக்கு முன் சீட்டு. பார்க்காதவர்கள் பின்னால் போய் எஞ்சின் சூட்டில் வேக வேண்டும். பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு பையன் தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் ஏறி, ஒரு வாரம் பின்னால் வெந்து, அடுத்த வாரமே படியில் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டி "சன்னாசி குட்" என்றான். அவனுக்கு நிரந்தரமாக முன் சீட்டு கிடைத்தது.

சன்னாசி யாரென்று சொல்லிவிடுகிறேன். 'ஏழு வாசல் பங்களா' என்று ஒரு தொடர் பல வருஷம் ஓடியது. அதில் பணக்காரர்கள் படிக்கட்டில் நின்று ஒருவரையொருவர் முறைப்பார்கள். கீழே காருக்குப் பக்கத்தில் டிரைவர் சன்னாசி நிற்பார். "வண்டி ரெடி, முதலாளி" என்பார். அவ்வளவுதான் அவருடைய வசனம். பங்களா ஒரு வழியாக முடிந்ததும், அந்தச் சன்னாசியை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்து 'சன்னாசி வீடு' என்று புதுத் தொடர் போட்டார்கள். அதில் அவருக்கு மனைவி உண்டு, டியூஷனுக்குப் போகிற மகள் உண்டு, ஒழுகுகிற குழாய் உண்டு. முதல் எபிசோட் வந்த மறுநாள் பஸ் அண்ணன் எங்கள் எல்லோருக்கும் கேசரி கொண்டுவந்தார். அவருக்கே பேரன் பிறந்தபோது கூட வெறும் சாக்லெட்தான் கொடுத்தார் என்று பேக்கிங் பிரிவு லெட்சுமி அக்கா பின்னால் குறைப்பட்டுக்கொண்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கியூசி மல்லிகா வாயைத் திறந்தாள்.

மல்லிகாவுக்குத் தரப் பரிசோதனையில் வேலை. பிளாஸ்டிக் மூடிகளை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று தேட வேண்டும். உதவாத மூடி சிவப்புக் கூடைக்குப் போகும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சரிசெய்தால் தேறும் என்கிற மூடி மட்டும் மஞ்சள் தட்டுக்கு. அதற்கு அவள் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும், எங்கே கீறல், எப்படித் தேய்க்கலாம் என்று. நல்ல மூடிக்குப் பச்சை ஸ்டிக்கர். மல்லிகாவிடம் பச்சை ஸ்டிக்கர் வாங்குவது அரசாங்கத்திடம் வீடு வாங்குவதைவிடக் கஷ்டம். என் கல்யாணத்துக்கு வந்தவள், மாலை இடது பக்கம் தொங்குகிறது என்று மணவறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவள் பேஸ்புக்கில் தொடர்களைப் பற்றி எழுதிவந்தாள். ஊரில் பாதிப் பேர் அதைத் திருட்டுத்தனமாகப் படிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் 'சன்னாசி வீட்டை' விளக்குக்கு அடியில் வைத்தாள்.

"சன்னாசி பழுத்த டிரைவராம். ஹேண்ட்பிரேக்கை இறக்காமலே ஊரைச் சுற்றுகிறார். பின்சீட்டில் இருக்கும் மகளைத் திரும்பிப் பார்த்து அறிவுரை சொல்கிறார், கார் தன் பாட்டுக்கு நேராகப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரே பெட்ரோல் கடை மறுபடி மறுபடி வருகிறது. நேற்றைய அழுகைக் காட்சியில் வெங்காயத்தின் நடிப்பு அருமை."

மறுநாள் பஸ் கோபத்தில் கொதித்தது. இவளைப் பாலத்தின் நடுவில் இறக்கிவிட வேண்டும் என்றார் லெட்சுமி அக்கா. பங்களாதேஷ் பையனுக்கு யாரோ விஷயத்தை விளக்க, அவன் மல்லிகாவைப் பார்த்துக் கட்டை விரலைக் கவிழ்த்துக் காட்டினான். பஸ் அண்ணன் ஒரு சீட்டைக் கை காட்டினார். அதற்கு மேலே ஏர்கோன் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும், அதில் யாரும் உட்கார்வதில்லை. மல்லிகா போய் உட்கார்ந்தாள், பையிலிருந்து குடையை எடுத்தாள், விரித்தாள். ஜுரு வரைக்கும் ஓடும் பஸ்ஸுக்குள் குடை பிடித்தபடி, வளைந்து கொடுக்காமல் வந்தாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப் பேச்சு நின்றது. சண்டை பேஸ்புக்குக்குப் போனது. அண்ணன் இதற்காகவே ஒரு கணக்குத் தொடங்கி, முகப்புப் படத்தில் முகத்துக்குப் பதில் பஸ்ஸைப் போட்டார். ஆனால் அவருக்கு டைப் அடிக்க வராது. ஓட்டும்போது அடிக்கவும் கூடாது. ஆகவே அவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் அவருடைய போனை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல அடிப்பேன். மூன்று வரிசை தள்ளிக் குடைக்குள் இருக்கும் மல்லிகாவுக்கு அவர் சொல்வது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் அனுப்பும்வரை காத்திருந்து, போன் 'டிங்' என்றதும் படித்து, பதில் அடிப்பாள். அதை நான் உரக்க வாசிக்க வேண்டும். உலகத்தில் எந்தத் தூதனும் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு இவ்வளவு பாடுபட்டதில்லை.

ஒருநாள் பாலத்தின் நடுவில் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுது தம்பி. 'குற்றம் கண்டுபிடிக்கிற அம்மணி, நீங்க வாழ்க்கையில ஒரு கெரேத்தாவாச்சும் ஓட்டியிருக்கீங்களா?'"

கெரேத்தா என்றால் மலாயில் கார். அனுப்பினேன். டிங். பதில் வந்தது. அண்ணன் ஆவல் தாங்காமல் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பி, "என்னா சொல்றா, படி" என்றார்.

படித்தேன். "'இல்லை. ஆனால் ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும் என்று தெரியும். நீங்களும் இப்போது முன்னால் பார்க்கவும்.'"

அண்ணன் முன்னால் திரும்பியபோது பஸ் பக்கத்துத் தடத்தில் பாதி போயிருந்தது. ஒரு லோரிக்காரர் ஹார்னை அமுக்கியபடியே எங்கள் வம்சத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டு போனார். சன்னாசிக்கு வக்காலத்து வாங்கப் போய், அண்ணனே ஒரு நிமிஷம் சன்னாசி ஆகிவிட்டார். லெட்சுமி அக்கா முருகனைக் கூப்பிட்டார்.

முருகனை நாங்கள் உண்மையாகவே கூப்பிட வேண்டிய நாளும் வந்தது. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், 'சன்னாசி வீட்டை' மாத முடிவோடு நிறுத்தப்போகிறோம் என்று டிவிக்காரர்கள் அறிவித்தார்கள். அண்ணனுக்கு அன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை. தொழிற்சாலை வாசலில் எங்களை இறக்கிவிட்டு வழக்கமாகப் பின் சீட்டில் காலை நீட்டித் தூங்குகிறவர், அன்று சாயங்காலம் வரை ஸ்டியரிங் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று காவலாளி சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

அடுத்த நாள் படியிலேயே அறிவித்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாராம். தொடர் நிற்கக் கூடாது, நிற்காவிட்டால் முடி முருகனுக்கு. பிள்ளை வரத்துக்கு மொட்டை போட்டவர்கள் உண்டு, பரீட்சைக்குப் போட்டவர்கள் உண்டு. டிவி தொடருக்கு நேர்ந்துகொண்டவர் அந்த மலைக்கும் புதிது.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. அடுத்து வரவேண்டிய தொடர் இன்னும் தயாராகவில்லை, ஆகவே சன்னாசி தொடர்வார் என்று அறிவிப்பு வந்தது. பஸ்ஸில் கைதட்டல். அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் கூட்டமாகத் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போனோம். அலையலையான அந்த முடி தரையில் விழுந்தபோது லெட்சுமி அக்கா அழுதார். அண்ணன் சந்தனம் பூசிய தலையோடு படியேறி இறங்கினார். ஒன்றரை மாதத்தில் அடுத்த தொடர் தயாராகிவிட்டது. சன்னாசியை நிறுத்திவிட்டார்கள்.

மலைக்குப் போய் முருகனிடம் நியாயம் கேளுங்கள் என்று நான் தூபம் போட்டேன். அண்ணன் இன்னும் சரியாக முளைக்காத தலையைத் தடவிக்கொண்டார். "நிக்கக் கூடாதுன்னுதான் தம்பி கேட்டேன். எத்தன நாளைக்கின்னு நான் சொல்லலியே. அவரு மேல தப்பு இல்ல லா."

கடைசி எபிசோட் முடிந்த மறுநாள் காலை, படியில் நின்ற யாரையும் அண்ணன் "பார்த்தியா?" என்று கேட்கவில்லை. எல்லோரும் பார்த்திருந்தோம். துஷ்டி வீட்டுக்கு வந்த மாதிரி ஏறி உட்கார்ந்தோம். கடைசியாக மல்லிகா குடையோடு ஏறினாள். லெட்சுமி அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "வந்துட்டா, சீரியலைக் கொன்னவ" என்றார்.

பஸ் கிளம்பவில்லை. அண்ணன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"விடு லெட்சுமி. ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் இருந்திச்சு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"மொத எபிசோட்லயே பார்த்தேன். அந்த பெட்ரோல் கடையும் ஒரே கடதான்."

மல்லிகா குடையை மடக்கினாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் போனை எடுக்காமல் அவரிடம் நேராகக் கேட்டாள். "அப்பறம் ஏண்ணே என்கூட இப்டி சண்ட போட்டீங்க?"

"டிவியில டிரைவர்னா கதவத் தொறந்து விடுவான், இல்லன்னா மொதலாளி பிள்ளையக் கடத்துவான். இந்த ஒருத்தன்தான் வீட்டுக்குப் போயி, பொண்டாட்டிகூட ஒக்காந்து சோறு சாப்ட்டான். எனக்கு அது போதும்மா." அண்ணன் கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். "நம்ம வீட்டுப் புள்ள மேடையில பாடுது. சுருதி போவுதுன்னு நாமளே எந்திரிச்சிக் கத்துவோமா?"

மல்லிகா மடக்கிய குடையைப் பையில் வைத்தாள். பிறகு, "செவப்புக் கூடைக்குப் போறத நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேண்ணே" என்றாள். "எழுதுறது மஞ்சத் தட்டுக்கு மட்டுந்தான். இத நான் ஒரு நாள்கூட விடாமப் பார்த்தேன்."

லெட்சுமி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். பங்களாதேஷ் பையன் என்ன நடக்கிறதென்று தெரியாமல் குத்துமதிப்பாகக் கட்டை விரலைத் தூக்கினான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கண்ணாடியைப் பார்த்தார், இடது கண்ணாடியைப் பார்த்தார். ஹேண்ட்பிரேக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பூஜையில் தீபாராதனை காட்டுகிற நிதானத்தோடு இறக்கினார். அது புஸ்ஸென்று மூச்சு விட்டது. "பார்த்துக்க கியூசி. அப்பறம் எழுதிறாத" என்றார். ஜுரு வந்துசேரும்வரை அந்த மனிதர் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை. முழு ரோட்டையும் முறைத்துக்கொண்டே ஓட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு இறங்கும்போது மல்லிகா டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். என்னமோ ஒட்டினாள், சொல்லாமல் இறங்கிப் போனாள். எட்டிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் தலையில், கோணல் இல்லாமல், அளந்து வைத்த மாதிரி ஒரு பச்சை ஸ்டிக்கர். அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேர்வையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

இப்போது எனக்கு வேறு வேலை, சொந்தக் கார், காலையில் தனியாகப் பாலம் தாண்டுகிறேன். காரில் ஏறும்போது யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. சில நாள் நெரிசலில் அந்தப் பழைய பஸ் என் பக்கத்தில் வந்து நிற்கும். முடி முன்னைப் போல வளராத ஒரு தலை ஜன்னலுக்கு வெளியே நீளும்.

"பார்த்தியா தம்பி?"

எந்தத் தொடர் என்றுகூட எனக்குத் தெரியாது. என் வீட்டில் டிவி ஓடி நாளாயிற்று. இருந்தாலும் கண்ணாடியை இறக்கி, "பார்த்தேண்ணே" என்று கத்துகிறேன். மனதளவில் எனக்கு இன்னும் அந்த முன் சீட்டு வேண்டும்.