லேகா டிரஸ்ஸஸ் வாசலில் கூட்டம்

"கடையைப் பாக்க ஞாயித்துக்கெழம வாறேன் மாப்ள" என்றார் அய்யாத்துரை, போனில்.

காசிராஜன் வாயில் போட்ட இட்லி அங்கேயே நின்றது.

"மாமா, கடை கம்ப்யூட்டர்லலா இருக்கு."

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"ரூம்புல."

"ரூம்பு?"

"ஒரகடத்துல."

"அப்பம் கடை ஒரகடத்துலதான இருக்கு? அதான் வாறேங்கேன். கூட்டம் எத்தன மணிக்கு வரும்?"

"கூட்டம் நேர்ல வராது மாமா. ஆன்லைன்ல வரும்."

எதிர்முனையில் அய்யாத்துரை வெற்றிலையைத் துப்பினார்.

"எந்த வழியா வேணா வரட்டும். நான் கண்ணால பாக்கணும். கூட்டம் இல்லாத கடைக்காரனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். சந்திரலேகாவுக்கு வேற ஒரு எடமும் வந்திருக்கு. சிவகாசில காலண்டர் அடிக்காவ. வச்சிருதேன்."

அய்யாத்துரை அப்படிச் சொன்னதற்கு ஒரு நியாயம் இருந்தது. சங்கரன்கோவிலில் அவருக்கு ஜவுளிக்கடை. மூன்று மாதங்களுக்கு முன் பெண் பார்க்கப் போனவர்களை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேரே கடைக்குத்தான் கூட்டிப்போனார். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு அம்மாள் இரண்டு ரவிக்கைத் துணிகளை இரண்டு கைகளிலும் வைத்துத் தராசு மாதிரி நின்றாள். ஒருவன் ஒரே துண்டை விரிப்பதும், வெளிச்சத்தில் பார்ப்பதும், மடிப்பதுமாக இருந்தான். கூட்டத்தில் காசிராஜனின் அம்மா செருப்பு ஒன்றைத் தொலைத்தாள். ஒற்றைச் செருப்போடுதான் பெண் பார்த்தாள். அந்த நெரிசலிலும் காசிராஜன் சந்திரலேகாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டான். ஊர் திரும்பியதும் தன் ஆன்லைன் கடைக்கு 'லேகா டிரஸ்ஸஸ்' என்று பெயரை மாற்றினான்.

பெயர் மாறியதே தவிர வேறு எதுவும் மாறவில்லை.

அவன் வேலை பார்த்த கம்பெனியில் அவன் நின்ற உற்பத்தி லைனையே எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆரம்பித்த கடை அது. சுடிதார், துப்பட்டா, குர்தி. எல்லாம் நல்ல துணிதான். ஆனால் ஒரகடத்தில் துணி விற்பது கடலில் உப்பு விற்பதைவிடக் கொஞ்சம் கஷ்டம். இங்கே வாரத்தில் ஆறு நாள் கம்பெனி யூனிஃபார்ம். ஏழாவது நாள் அந்த யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுவிட்டு, அது காயும்வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் அத்தனை பேரும் உடுத்தித்தான் இருந்தார்கள். உடை வாங்கத்தான் ஆளில்லை.

காசிராஜன் எல்லா வழியும் பார்த்துவிட்டான். கம்பெனி பஸ்களில் நோட்டீஸ் கொடுத்தான். ஐப்பசி மழைக்கு அதை வைத்து டிரைவர்கள் கண்ணாடி துடைத்தார்கள். படம் பிடிக்க மாடல் தேடினான். எந்தப் பெண்ணும் வரவில்லை. கடைசியில் அறைத்தோழன் இசக்கி சுடிதாரை மாட்டிக்கொண்டு நிற்க, தலையை வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டான். அதைப் பார்த்து ஒருத்தர் எழுதினார். கடைக்கு வந்த ஒரே கடிதம் அதுதான். 'மேடத்துக்குக் கையில் இவ்வளவு ரோமம் இருக்கிறதே, டாக்டரைப் பார்த்தீர்களா?'

வெப்சைட்டின் அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று இருந்தது. அது தினமும் ஏறியது. அதைப் பார்ப்பதற்காகக் காசிராஜன் உள்ளே போகும்போதெல்லாம் ஒன்று ஏறியது.

"கூட்டம்தானல கேக்காரு?" என்றான் இசக்கி. அவனுக்கு இன்னும் வேலை இருந்தது, பக்கத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில். அதனால் தைரியமும் இருந்தது. "நான் கொண்டாறேன். ஞாயித்துக்கெழம ஓ.டி. முடிஞ்சு எங்க பஸ்ஸு கூட்டுரோட்டுல நிக்கும். எறங்குற நாப்பது பேரையும் ஒன் கடை வாசல்ல நிப்பாட்டுதேன். ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை."

"வாசலுக்கு எங்கல போக? கடையே இல்லியே!"

"கடையப் புடி."

கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருந்த சொர்ணம்மாளிடம் ஷட்டர் போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. காஸ் சிலிண்டர் போட்டு வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு நாளுக்கா?" என்றாள் அவள். "ஒரு நாளுக்கு எவனாச்சும் கடை எடுப்பானா? இன்னாப்பா, வூட்ல யார்னா பூட்டாங்களா?"

"இல்லக்கா. கல்யாண விஷயம்."

"ரெண்டும் ஒண்ணுதான். வேணாம் போ."

"நாப்பது டீ, நாப்பது வடை சொல்லுதேன்க்கா."

"அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்று சிலிண்டரை உருட்ட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டும் விடாமலும் இருந்தது. மத்தியானம் பஸ் நின்றது. இசக்கி வாக்குத் தவறவில்லை. நாற்பது பேர் இறங்கினார்கள். நாற்பது பேரும் நீல யூனிஃபார்மில் இருந்தார்கள்.

"என்னல இது! வாடிக்கக்காரங்க மாதிரியா இருக்கு?"

"வேலைக்குப் போனவன் பட்டுவேட்டியிலயா வருவான்? உள்ள போகச் சொல்லு, சரியாயிரும்."

உள்ளே ஆறு பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் வாசலில் நின்றார்கள். கம்பெனி ஆட்களை எங்கே நிறுத்தினாலும் வரிசையாகத்தான் நிற்பார்கள். ஒருவர் பின் ஒருவராக, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தலைகுனிந்து நின்றார்கள். துக்கம் விசாரிக்க வந்த மாதிரியே இருந்தது. ரோட்டில் போன ஒரு கிழவர் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்தார்.

"கையில ஆளுக்கு ஒண்ணு குடுல, வாங்குற மாதிரி இருக்கும்" என்றான் இசக்கி.

காசிராஜன் இருப்பில் மிஞ்சியதை எடுத்துக் கொடுத்தான். மிஞ்சியது என்றால் வாங்கி அடுக்கியது எல்லாமும்தான். அதில் முக்கால்வாசி சிவப்புத் துப்பட்டா. வரிசையில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சேற்றில் படாமல் இருக்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். புதிதாகக் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்த மாரிராஜ் மட்டும் தன் துப்பட்டாவை விரித்தான், வெளிச்சத்தில் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், மடித்தான்.

"அவனப் பாத்துப் படிங்கடே!" என்றான் இசக்கி. "சத்தம் இல்லாம என்ன யாவாரம்? பேரம் பேசுங்க!"

"என்னன்னு பேச?"

"வெலையக் கொறைன்னு கேளுங்க!"

நாற்பது பேர் ஒரே குரலில் கேட்டார்கள். கம்பெனியில் காலை உறுதிமொழி சொல்லிப் பழகிய குரல்கள்.

"கொறை! கொறை! வெலையக் கொறை!"

இந்தப் பக்கங்களில் நாற்பது பேர் யூனிஃபார்மில் நின்று, சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. அது துணிக்கடை அல்ல. அடுத்து வந்த கம்பெனி பஸ் தானாக நின்றது. அதிலிருந்து இன்னொரு கம்பெனி ஆட்கள் இறங்கி, என்ன ஏது என்று கேட்காமல் ஆதரவு தெரிவித்து, வரிசையின் பின்னால் நின்றார்கள். அதில் தலைவர் மாதிரி இருந்த ஒருவர், "ஓ.டி.யைக் கூட்டு!" என்று தன் பங்குக்குச் சேர்த்தார்.

"விக்கும் விக்கும்" என்று சொர்ணம்மாள் அடுத்த ஈடு வடையைப் போட்டாள்.

போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"யாரு இங்க லீடரு?"

எல்லாக் கைகளும் காசிராஜனைக் காட்டின. துப்பட்டாவோடு காட்டின.

"கூட்டம் கூட பர்மிஷன் வாங்குனியா?"

"சார், கூட்டம் கூடத்தான் சார் ஒரு வருஷமாப் பாடுபடுதேன்."

"ஓகோ. ஒரு வருஷ பிளானா?"

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இசக்கி கம்பெனியின் மனிதவள மேலாளர் தோத்தாத்ரி. ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருக்காரர். கோவிலில் இருந்தவருக்குச் செய்தி போக, நெற்றித் திருமண் காயாமல் அப்படியே ஓடி வந்திருந்தார்.

"எல்லாம் பேசித் தீர்த்துக்கலாம்ப்பா. எதுக்கு ரோட்டுக்கு வரேள்?" என்று கும்பிட்டார். "உங்க கோரிக்கை என்னன்னு ஒருத்தர் சொல்லுங்கோ."

வடைக்காக வந்தவர்களிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஒருவன் மெதுவாக, "பஸ்ல சீட்டு கிழிஞ்சிருக்கு சார்" என்றான்.

"தைச்சுடறோம்."

"கேண்டீன் சாம்பார்ல பருப்பே இல்ல சார்."

"நாளையிலேருந்து பருப்பு. நான் பொறுப்பு." தோத்தாத்ரி காசிராஜன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோ தம்பி. நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"லேகா டிரஸ்ஸஸ், சார்."

"நம்ம காண்ட்ராக்டர்ல அப்படி ஒருத்தர் இல்லையே. சரி, உங்க கோரிக்கை?"

காசிராஜன் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

"ஆளுக்கு ஒரு சுடிதார் வாங்கிக்கிடணும் சார்."

தோத்தாத்ரி தள்ளிப்போய்ப் போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"மேனேஜ்மெண்ட்ல எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பருப்புக்கு ஒத்துண்டா, சீட்டுக்கு ஒத்துண்டா. சுடிதார் மட்டும் முடியவே முடியாதுன்னுட்டா."

வேண்டியது கிடைத்தவர்கள் கை தட்டினார்கள். கேட்டது கிடைக்காதவன் ஒருவன்தான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சிவப்புத் துப்பட்டாக்கள் எல்லாம் நனைந்து, நீல யூனிஃபார்ம்களின் மேல் சாயம் இறங்கியது. இனி அதை எந்த ஊரிலும் விற்க முடியாது. போன் அடித்தது. சந்திரலேகா.

"அப்பா வந்துட்டாவளா?"

"இன்னும் இல்ல. வராம இருந்தா நல்லது. இங்க போலீஸ் வந்திருக்கு."

"எனக்குக் காலண்டர் புடிக்காது. கிழிச்சுக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவன் போனைச் சட்டைப்பையில் போடும்போதே வாலாஜாபாத் போகிற பஸ் நின்றது. அய்யாத்துரை இறங்கினார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சாக்கு மூட்டைகள். மூட்டைகளைச் சேற்றில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆட்கள். எல்லார் கையிலும் துணி. பின்வரிசையில் இன்னும் 'கொறை! கொறை!' சத்தம். நடுவில் ஜீப். லத்தியோடு போலீஸ். காரில் வந்த நாமக்காரர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பெரிய இடத்து வாடிக்கைக்காரர் போல.

அய்யாத்துரையின் கண்கள் கலங்கின.

"மாப்ள..." என்று காசிராஜனின் இரண்டு கைகளையும் பிடித்தார். "தீவாளிக்கு எத்தனையோ கடை பாத்திருக்கேன். போலீஸ் போட்டுக் கூட்டத்த அடக்குத கடைய இன்னைக்குத்தான் பாக்கேன். வெலையக் கொறைன்னு அடிச்சுக்கிடுதானுவள்லா?"

காசிராஜன் வாயைத் திறந்தான். இசக்கி அவன் காலை மிதித்தான்.

"ஆமா மாமா."

"கொறைக்காதீரும்! தை மாசத்துல கல்யாணம். இதான் என் வாக்கு." பிறகு அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த மூட்டை நம்ம கடை வேட்டி, துண்டு. உம்ம கம்ப்யூட்டர்ல ஒரு ஓரமா எடம் கெடைக்குமா?"

"உங்க கடையிலயே கூட்டம் தாங்கலியே மாமா?"

"தாங்கலதான். எல்லாப் பயலும் தொட்டுத் தொட்டுப் பாக்கானுவள்லா, சரக்கு அழுக்காயிருது. அதான்."

காசிராஜன் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான். கனமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு எதுவும் கனக்கவில்லை. இந்த மனிதர் தன் பின்னால் இருக்கும்போது என்ன பயம்? நாளைக்கே வெப்சைட்டை இழுத்து மூடினாலும் சங்கரன்கோவிலில் ஒரு கடை இருக்கிறது. கால் வைக்க இடமில்லாத கடை.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. வரிசையின் கடைசியிலிருந்து மாரிராஜ் தன் துப்பட்டாவை நான்காக மடித்துக் கொண்டுவந்து காசிராஜனிடம் கொடுத்தான். கொடுத்தவன் அய்யாத்துரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வடைக் கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"அண்ணாச்சி, என்னத் தெரியலியா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்க கடைல பொழுது சாயறவரைக்கும் ஒரே துண்ட விரிச்சு விரிச்சு மடிச்சேனே! நீங்களாது புரோட்டாவும் சால்னாவும் போட்டிய, இவுக வெறும் டீ வடையோட முடிச்சுட்டாவ."