கோழி எருவை ஆற வைத்த கதை

மனிதன் எதற்கெல்லாம் பயப்படுவான் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நான் கண்டி பஸ் நிலையத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், பயந்ததில்லை. ஹுன்னஸ்கிரிய பக்கம் ஏலக்காய்க் காவலுக்கு இருந்தபோது குடிசைக்கு வெளியே சிறுத்தை உறுமியது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் கும்பிடும் சாமியின் பெயரே மறந்துபோகிற அளவுக்கு நான் பயந்தது கோழிப் பீக்குத்தான். (மன்னிக்க வேண்டும். எழுத்தில் 'கோழி எரு' என்றுதான் எழுத வேண்டுமாம். இனி அப்படியே எழுதுகிறேன். நாற்றம் ஒன்றுதான்.)

அப்போது எனக்கு நிலையான வேலையும் இல்லை, நிலையான விலாசமும் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா செத்துப்போனார். பள்ளிக்கூடமும் அவரோடு போயிற்று. நாவலப்பிட்டியில் பேக்கரி, கண்டியில் தேநீர்க்கடை, பிறகு மரக்கறி லொறி என்று ஓடிக்கொண்டிருந்தேன். வேலையில் ஏதாவது பிழை நேர்ந்துவிட்டால் நின்று திட்டு வாங்குகிற பழக்கம் என்னிடம் கிடையாது. ஒரு நீலப் பை வைத்திருந்தேன். அதற்குள் இரண்டு சட்டை, இடுப்பில் கட்ட ஒரு சாரம், ஒரு சீப்பு. அதைத் தோளில் மாட்டினால் வீடு காலி என்று அர்த்தம்.

தேநீர்க்கடைக்குப் பக்கத்துத் துணிக்கடையில் வேலை செய்த செல்வி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். ஏன் என்று இன்றுவரை சரியான காரணம் சொல்லவில்லை. அவளுடைய அம்மா ராசம்மா சம்மதிக்கவில்லை. அதற்கு மட்டும் நல்ல காரணம் இருந்தது.

"இந்தத் தம்பி நல்லவருதான்," என்று என் முன்னாலேயே மகளிடம் சொன்னார். "ஆனா ஒரு எடத்துல நிக்கிற ஆளு இல்லையே. மழைக்கு ஒதுங்குன ஆடு மாதிரி இருக்காரு. வெயிலு வந்தா போயிருவாரு."

அந்தச் சமயத்தில்தான் கொழும்பில் இருந்த மூத்த மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ராசம்மா போக வேண்டும். புசல்லாவையில் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால், அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. பீன்ஸ் என்கிற போஞ்சி, முட்டைக்கோஸ் என்கிற கோவா, கொஞ்சம் லீக்ஸ். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருடைய சோறு அந்த மண்ணிலிருந்துதான் வந்தது. செல்வியோ கண்டியில் விடுதியில் இருந்தாள். ஆகவே என்னை அழைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் தோட்டத்தப் பாத்துக்கங்க தம்பி. வந்து பாக்கையில போஞ்சியும் நிக்கணும், நீங்களும் நிக்கணும். அதுக்கப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்."

வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, பின்பக்கத்துச் சமையல் குசினியை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

கடைகளில் உரம் கிடைக்காத காலம் அது. இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் கோழி எருவை விசாரித்தார்கள். கம்பளைப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையிலிருந்து சில மூட்டைகள் ஏற்றி வர எனக்குப் பழக்கமான லொறிக்காரர் ஒருவர் சம்மதித்தார். பெருமை தாங்காமல் ராசம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நல்லதுதான் தம்பி. ஆனா கோழி எரு சூடு. கொண்டாந்த கையோட போட்றாதீங்க. நல்லா ஆற வச்சுப் போடுங்க." பின்னால் பச்சைக்குழந்தை வீறிட்டது. போன் நின்றுவிட்டது.

சூட்டைப் பற்றியும் ஆற வைப்பதைப் பற்றியும் எனக்கு வேறு யார் பாடம் எடுக்க வேண்டும்? கண்டியில் காலை முதல் மாலை வரை தேநீர் ஆற்றியவன் நான். மூட்டைகள் வந்ததும் ஒன்றை அவிழ்த்து நடுவில் கையை விட்டேன். சூடாகத்தான் இருந்தது. அந்த அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று வியந்து, எல்லாவற்றையும் சாக்கு விரித்துப் பரப்பினேன். மிச்சத்தைப் புசல்லாவைக் குளிர் பார்த்துக்கொண்டது. விடிந்ததும் பனிமூட்டத்துக்குள் போய்த் தொட்டேன். சில்லிட்டிருந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று புறங்கையையும் வைத்துப் பார்த்தேன். (குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு முன் பார்ப்பார்களே, அப்படி.)

பிறகு ஒவ்வொரு போஞ்சிச் செடியின் அடியிலும் கை நிறைய அள்ளி வைத்தேன். கோவாவுக்கு இரண்டு கை. வருங்கால மாமியார் தோட்டத்தில் கஞ்சத்தனம் காட்டலாமா? மீந்ததைக் குசினிக்குப் பின்னால் குவித்துவிட்டேன்.

லயத்தின் அடுத்த காம்பரா வீட்டிலிருந்து சிவனு அண்ணன் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னா தம்பி போட்டீங்க?"

"கோழி எருண்ணே. ஆற வச்சுத்தான் போட்டேன்."

"அப்பச் சரி," என்று போய்விட்டார். (என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே மனிதர். ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கலாம்.)

சில நாட்களில் போஞ்சி இலைகளின் ஓரம் பழுப்பாகியது. விளக்குக்கு மேல் பிடித்த காகிதம் மாதிரி உள்நோக்கிச் சுருண்டது. வெயிலே இல்லை, எங்கிருந்து கருகுகிறது என்று குழம்பியபடி குசினிப் பக்கம் திரும்பினேன். தூறலில், குளிரில், நான் குவித்து வைத்த எரு புகைந்துகொண்டிருந்தது.

கையை விட்டேன். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தேன். கொதித்தது.

நான் என் கையால் ஆற வைத்தது அது. ஆற வைத்த தேநீர் தானாக மறுபடி கொதித்ததை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? கற்பூரம் கொளுத்திக் கும்பிடலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே புகைகிற ஒன்றின் பக்கத்தில் நெருப்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். புகை அடங்கியது, நாற்றம் எழுந்து நின்றது. மறுநாள் முன்னைவிட அதிகமாகப் புகைந்தது. சூடு மண்ணுக்குள் இறங்கி, வேர் வேராக நகர்ந்து, லயத்துக்கு அடியில் வந்துவிட்டால்? எத்தனை குடும்பம்! குசினித் தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்டேன். ஏதோ கொதிப்பது போலத்தான் கேட்டது. (என் வயிறு.)

"என்னா தம்பி, பின்னுக்கு சோறு வடிக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்த சிவனு அண்ணன், பாத்திகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இத ராசம்மா பாத்துச்சா?"

"இல்லண்ணே."

"பாக்கையில நான் இங்க இருக்க மாட்டேன். போன வருசம் ஒரு ஆடு இந்த வேலியத் தாண்டிச்சு. ராசம்மா அதோட காதப் புடிச்சு சொந்தக்காரன் வீடு வரைக்கும் இழுத்துக்கிட்டே போச்சு. அந்த ஆடு இப்ப இந்தப் பக்கம் பாத்துக் கத்துறதுகூட இல்ல."

அன்று மாலை போன் அடித்தது.

"போஞ்சி எப்புடி தம்பி?"

"நல்லா... கலர் வந்திருக்கும்மா."

"கலரா? பூ வச்சிருச்சா?"

"பூ இல்ல. எலையிலயே கலரு."

"கோவா?"

"அது அடக்கமா இருக்கும்மா."

"சரி," என்றார். அந்தச் 'சரி'யில் இருந்த குளிர் புசல்லாவையில்கூட இல்லை.

விடிந்ததும் நீலப் பையைத் தோளில் மாட்டினேன். செல்வியிடம் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். திரும்பச் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டேன். அவளை இழந்துவிட்டேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. இனி காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். பிரதான வீதிக்கு இறங்கி, முதலில் எந்தப் பஸ் வருகிறதோ அதில் ஏறுவது என்று நின்றேன். நுவரெலியா பஸ் வந்தது. மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது. குடைக்குப் பின்னால் ராசம்மா.

"அட, தம்பி! நான் வர்றது எப்புடித் தெரியும்?"

"தெரியும்மா," என்றேன். வேறு என்ன சொல்ல?

"பை வேற கொண்டாந்திருக்கீங்க. நல்லதாப் போச்சு, இந்தச் சாமானையும் அதுல போடுங்க." நான் தடுப்பதற்குள் அவரே பையின் சிப்பை இழுத்துத் திறந்துவிட்டார்.

என் சாரமும் சட்டைகளும் சீப்பும் அவரை அண்ணாந்து பார்த்தன. அவர் அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வளைவில் மறைந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார். பிறகு ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை என் சட்டைகளின் மேல் வைத்துச் சிப்பை மூடினார்.

"நடங்க."

நடந்தேன். லயத்துக்கு ஏறுகிற அந்தப் பாதை அன்றைக்குப் போதுமான அளவு நீளமாக இல்லை.

தோட்டத்து வாசலில் நின்றார். பக்கத்துக் காம்பராவின் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. குசினிக்குப் பின்னால் குவியல் புகைந்தது.

"ஆற வச்சுப் போடச் சொன்னேனே."

"ஆற வச்சுத்தான்மா போட்டேன். தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"பொறங்கையிலயும்."

அவர் அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு பெண்ணின் சோற்றை எரித்து அவளை அழவும் வைத்துவிட்டோமே என்று காலில் விழக் குனிந்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆற வைக்கிறதுன்னா மாசக் கணக்கா மக்க வைக்கிறது தம்பி. இது டீ இல்ல."

சிரிப்பு நின்றதும் ஒரு செடியைப் பிடுங்கி, கருகிய வேரைப் பார்த்தார். அந்த வேரைப் பார்த்த முகம் இருக்கிறதே, எனக்கு இன்றும் பயம் அதுதான். திட்டியிருந்தால் ஓடியிருப்பேன். அவர் திட்டவில்லை. என் பையைத் திறந்து கருவாட்டை எடுத்தார். என் துணிகளைத் துவைக்கிற கல்லில் வைத்தார். புகைகிற குவியலிலிருந்து மண்வெட்டியால் எருவை வாரிப் பைக்குள் கொட்டத் தொடங்கினார்.

"அம்மா, அது என் பை!"

"தெரியும். இதுல கெடந்து ஆறட்டும். இதத் தோளுல மாட்டிக்கிட்டு எந்த பஸ்ல ஏறுறீங்கன்னு நானும் பாக்குறேன்." சிப்பை இழுத்து மூடினார். "ஆறினதும் இதே பாத்தியில நீங்களே போட்டு, நீங்களே வெத ஊனுங்க. காய் வரட்டும், பேசுவோம்."

ஒரே இடத்தில் அத்தனை மாதம் நான் நின்றது அதுதான் முதல் தடவை. பகலில் தேயிலைக் காட்டில் அன்றன்றைக்குக் கிடைக்கும் கைக்காசுக்குப் புல்லு வெட்டினேன். மரக்கறி இல்லாத அந்த நாட்களில் நானும் ராசம்மாவும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம். செல்வி விடுமுறைக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். போஞ்சி வந்தது. பேச்சும் வந்தது. கல்யாணமும் நடந்தது.

அந்தப் பையைச் செல்வி பிறகு பல தடவை துவைத்து வெயிலில் போட்டாள். ஒருநாள் பழைய ஊர்சுற்றும் ஆசை வந்து, வெறுமனே கண்டிவரை போய் வரலாம் என்று அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தூறல் போட்டது, ஜன்னல்களை எல்லாம் மூடினார்கள். கம்பளை வருவதற்குள் என்னைச் சுற்றி எல்லா ஆசனமும் காலி. கண்டக்டர் சட்டைக் கொலரால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே இறங்கப் போகிறேன் என்று கேட்டார். இங்கேயே என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அத்தை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். தூரத்திலிருந்தே மூக்கைச் சுளித்தார்.

"இன்னும் ஆறலையா மருமகனே?"

இன்றைக்கும் நான் காரணமில்லாமல் செருப்பை மாட்டினால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் அதையே கேட்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிடுகிறேன்.