மூன்று டப்பாக் கூழ்

எங்கள் மகளுக்கு ஏழாவது மாதம் பிறந்த அன்று நான் ஒரு சபதம் எடுத்தேன். அவள் எந்தக் கம்பெனிக் கூழ் சாப்பிட வேண்டும் என்பதை நான்தான் தீர்மானிப்பேன்.

நான் பெயிண்ட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை கண்டுபிடிப்பேன். கடையில் மூன்று டப்பா வாங்கினேன். மூன்றிலும் ஒரு குண்டுக் குழந்தை சிரித்தது. ஒவ்வொன்றும் தன்னைத்தானே 'சிறந்தது' என்றது.

"அந்தக் குழந்தைங்க எதைச் சாப்பிட்டுச்சோ?" என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். பிரசவ விடுப்பு முடியப் பத்து நாள்தான் பாக்கி.

"விளையாடாதே. பேரைப் பார்த்து நாம ஏமாறக் கூடாது. மூணையும் மூணு அகலவாய் பாட்டில்ல கொட்டி நம்பர் போடு. எது எதுன்னு எனக்குச் சொல்லாதே."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"நாளைக்கே முடிவு தெரிஞ்சிடும்."

"முடியாதுங்க. புதுசா ஒண்ணு கொடுத்தா மூணு நாள் பார்த்துட்டுதான் அடுத்ததுக்குப் போகணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஊட்டுறதும் நீங்கதான். நான் ஊட்டினா என் முகத்துக்காகச் சாப்பிட்டுடுவா. சோதனை கெட்டுடும்."

என்னோடு வாழ்ந்து இவளுக்கும் விஞ்ஞான மூளை வந்துவிட்டதே என்று பூரித்தேன்.

எனக்கு மதிய ஷிப்ட். காலையில் மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். நானும் மகளும் நேருக்கு நேர்.

முதல் பாட்டில். வாயை மூடினாள். திறந்தாள். துப்பினாள். சுவர், சட்டை, மீசை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். எனக்கு ஆசைப்படாமலே இரண்டும் ஒன்றாகக் கிடைத்தது. வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: 'ஒட்டும் தன்மை அதிகம். காய நேரமாகும்.' மகள் வீறிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் அசையும் சத்தம். கதவு திறக்கவில்லை.

இரண்டாவது பாட்டிலில் நாலு கரண்டி இறங்கியது. நான் வாயைத் திறந்தால் அவளும் திறப்பாள் என்று கண்டுபிடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் என் வாய்க்குக் கிடைத்த முதல் வேலை.

மூன்றாவது பாட்டிலில் கிண்ணம் காலி. ஒன்பதாம் நாள், கரண்டியைக் கண்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூணாம் நம்பர்தான்!" என்று கத்தினேன். "என்ன மணம், என்ன பதம்! மத்த ரெண்டும் கிட்ட நிக்காது."

மனைவி அலமாரியைத் திறந்தாள். உள்ளே இரண்டு டப்பாக்கள், சீல்கூடப் பிரிக்காமல்.

"மூணு பாட்டில்லயும் ஒரே மாவுதாங்க. டாக்டரம்மா சொன்னது."

"நான் வித்தியாசம் கண்டுபிடிச்சேனே!"

"எங்க கடையிலயும் அதே கதைதான். அதே லென்ஸைக் கழட்டி மறுபடி மாட்டினாலும், 'இது தேவல'ம்பாங்க."

பிறகு அவள் குரல் இறங்கியது.

"திங்கக்கிழமை நான் போயாகணும். மசிச்ச வாழைப்பழத்தைக்கூட என்னைத் தவிர யார் கொடுத்தாலும் துப்பினா. நீங்க ஊட்டிப் பழகுங்கன்னு சொல்லியிருந்தா, எனக்குக் கை வராதுன்னு வேலைக்கு ஓடியிருப்பீங்க. முதல் நாள் அவ அழுதப்போ, உள்ளே நானும் அழுதுட்டுதான் இருந்தேன்."

ஒன்பது நாளில் மகளுக்குப் பிடித்துப்போனது கூழ் இல்லை, என் கை. கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன். மடியில் இருந்தவள் என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். கோபம் வர மறுத்துவிட்டது.

"சரி, இந்த ரெண்டு டப்பாவை என்ன செய்யறது?" என்றேன்.

"கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். பதிலா டயப்பர் தராராம். நாலு கம்பெனி இருக்காம். எது உசத்தின்னு எனக்கென்ன தெரியும்? தரம் பார்க்கிறவர் நீங்கதான்."

அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"அதெப்படிப் பார்த்ததும் சொல்ல முடியும்?" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து. "ஒவ்வொண்ணா நானே மாத்திப் பார்த்தாதானே தெரியும்!"